பாஸ் அவுட் ஆன மாணவர்களின் கல்லூரி மெயிலை எப்போது மூடுவது?

கேள்வி, 6 மே 2024

எங்கள் பொறியியல் கல்லூரியில் கூகுள் வொர்க்ஸ்பேஸின் (மெயில், டிரைவ், கிளாஸ்ரூம் எல்லாம் சேர்ந்த தொகுப்பு) இலவசக் கல்விப் பதிப்பு. பத்து வருடமாக மாணவர்களுக்கு மெயில் கொடுக்கிறோம், இதுவரை யாரையும் நீக்கியதில்லை. இப்போது அட்மின் கன்சோலில் (எல்லாக் கணக்குகளையும் நிர்வகிக்கும் பக்கம்) ஸ்டோரேஜ் தொண்ணூறு சதவீதத்தைத் தாண்டிச் சிவப்பாகக் காட்டுகிறது. "பாஸ் அவுட் ஆனவங்க எல்லாரையும் இந்த மாசமே டெலீட் பண்ணிடுங்க" என்கிறார் பிரின்சிபால். நான் சி.எஸ்.இ.யில் அசிஸ்டென்ட் புரொபசர், இந்த வேலை எனக்குக் கூடுதல் பொறுப்பு. அவர்கள் பட்டியலை ஒரு சி.எஸ்.வி. கோப்பாகத் தயார் செய்து ஒரே நாளில் நீக்கிவிடலாமா?

பதில், 6 மே, இரவு

வேண்டாம் மேடம், இந்த மாதம் வேண்டவே வேண்டாம். "ஸ்டோரேஜை முதலில் குறைக்கிறேன் சார், கணக்குகளை அப்புறம் பார்க்கலாம்" என்று பிரின்சிபாலிடம் சொல்லிப் பாருங்கள். அவருக்கு வேண்டியது அந்தச் சிவப்பு எச்சரிக்கை போவதுதான்.

முதலில் இடம் எங்கே போனது என்று பாருங்கள். முன்பெல்லாம் கல்விப் பதிப்பில் அளவே இல்லாமல் இடம் தந்தார்கள். 2021 பிப்ரவரியில் அறிவித்துவிட்டு, 2022 ஜூலையிலிருந்து ஒரு கல்லூரி முழுவதற்கும் சேர்த்து 100 டெராபைட் என்று ஆக்கினார்கள். ஐயாயிரம் கணக்கு இருந்தால் தலைக்கு 20 ஜி.பி., பன்னிரண்டாயிரம் இருந்தால் எட்டுக்குக் கொஞ்சம் மேல். இப்படி வகுத்துப் பார்த்தால் "பழைய பிள்ளைகளால்தான் நிரம்பியது" என்று தோன்றும். நான் வேலை பார்த்த எந்தக் கல்லூரியிலும் இடம் அப்படிப் பரவலாகப் போனதில்லை. பெரும்பாலான மாணவர் கணக்கில் நாலு லேப் ரெக்கார்டும் ஒரு புராஜெக்ட் ரிப்போர்ட்டும்தான் கிடக்கும். இடத்தைத் தின்பது ஒரு கைப்பிடிக் கணக்குகள்: 2020 ஊரடங்கில் எடுத்த வகுப்புகளை அப்படியே விட்டுவைத்த ஆசிரியர்கள், சிம்போசியம் வீடியோவை ஐந்து பிரதி வைத்திருக்கும் டிபார்ட்மென்ட், அப்புறம் ஷேர்டு டிரைவ்கள் (தனி ஆளுக்கு இல்லாமல் ஒரு குழுவுக்கே சொந்தமான கோப்பிடம்).

கடைசியாகச் சொன்னதைத்தான் நன்றாகப் பார்க்க வேண்டும். மாணவர்கள் தாங்களே ஷேர்டு டிரைவ் உருவாக்கலாம் என்ற அனுமதி பல கல்லூரிகளில் திறந்தே கிடக்கிறது. அப்படி ஒன்றில் கல்லூரிக்குச் சம்பந்தமே இல்லாத வெளி ஜிமெயில் முகவரிகள் உறுப்பினராக இருக்கும், உள்ளே முழுக்கச் சினிமா. கன்சோலில் ஸ்டோரேஜ் பக்கத்துக்குப் போய், அதிகம் பயன்படுத்துகிறவர் பட்டியலையும் ஷேர்டு டிரைவ் பட்டியலையும் இறங்குவரிசையில் பாருங்கள். முதல் ஐம்பது வரியிலேயே உங்கள் பிரச்சினையில் பாதிக்கு மேல் இருக்கும் என்று நினைக்கிறேன். அந்த அனுமதியையும் இன்றைக்கே மூடிவிடுங்கள்.

7 மே

"பாஸ் அவுட் ஆனவனுக்குக் கல்லூரி மெயில் எதற்கு?" என்று இன்னொரு நண்பர் கேட்டிருக்கிறார். எனக்கு இதில் உறுதியான கருத்து உண்டு, அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

மே, ஜூன் மாதங்களில் நான்காம் ஆண்டு மாணவருக்கு வகுப்பு முடிந்திருக்கும். ஆனால் கேம்பஸ் இன்டர்வியூவில் தேர்வான கம்பெனியிடம் பிளேஸ்மென்ட் செல் கொடுத்த முகவரி எது? கல்லூரி மெயில்தான். ஆஃபர் லெட்டர் டிசம்பரில் வந்திருக்கும். சேர வேண்டிய தேதி, சான்றிதழ் ஏற்ற வேண்டிய லிங்க், மெடிக்கல் டெஸ்ட் விவரம் எல்லாம் படிப்பு முடிந்து மாதக்கணக்கில் கழித்து அதே முகவரிக்குத்தான் வரும். நாம் ஜூனில் கணக்கை முடக்கினால் அந்த மெயில் அனுப்பியவருக்கே திரும்பிப் போகும். மாணவருக்கு அப்படி ஒரு மெயில் வந்ததே தெரியாது. முதல் தலைமுறையாகப் பட்டம் வாங்கும் பிள்ளை ஒன்றுக்கு இப்படி நடந்தது. ஜாயினிங் லிங்க் காலாவதி ஆன பிறகுதான் விஷயம் தெரிந்து, அப்பாவைக் கூட்டிக்கொண்டு கல்லூரி ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். ஆபீஸில் இருந்த யாருக்கும் "மெயில் முடக்கம்" என்பதன் பொருளே புரியவில்லை, ஆளுக்கொரு அறைக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் கம்பெனியின் எச்.ஆர். நல்ல மனிதராக இருந்ததால் வேறு லிங்க் அனுப்பினார்.

இரண்டாவது, அரியர். அண்ணா பல்கலைக்கழக விதிப்படி நாலு வருடப் படிப்பை முடிக்கப் பதினாலு செமஸ்டர் வரை அவகாசம் உண்டு. எட்டாவது செமஸ்டரோடு வகுப்பை விட்டுப் போனவர் இன்னும் மூன்று வருடம் தேர்வு எழுத வரலாம். அவரைப் பழைய மாணவர் என்று எப்படிக் கணக்கெடுப்பீர்கள்? பேட்ச் வருடத்தை வைத்து சி.எஸ்.வி. போட்டால் அவரும் அதில் மாட்டுவார். உதவி அதிகம் தேவைப்படுகிறவரும் அவர்தான்.

மூன்றாவது, இந்த மெயிலை வைத்து அவர்கள் திறந்த மற்ற கணக்குகள். என்.பி.டெல். ஆன்லைன் படிப்புச் சான்றிதழ், கிட்ஹப், லிங்க்ட்இன், வெளிநாட்டுப் பல்கலைக்கழக விண்ணப்பம். பாஸ்வேர்டு மறந்தால் மீட்பு மெயில் இங்கேதான் வரும். எம்.இ., பி.எச்டி. மாணவர் என்றால் அச்சான கட்டுரையில் தொடர்பு முகவரியே இதுதான்.

7 மே, கொஞ்ச நேரம் கழித்து

கேட்டிருந்தார்கள்: நீக்கிய கணக்கைத் திரும்ப எடுக்கலாமா? கூகுளில் 20 நாள் வரை. அதற்குப் பிறகு மெயிலும் டிரைவும் போனது போனதுதான். நீக்காமல் சஸ்பெண்ட் மட்டும் செய்தால், அதாவது முடக்கி வைத்தால், தரவு அப்படியே இருக்கும், ஆனால் அது பிடித்த இடமும் உங்கள் 100 டெராபைட்டில் அப்படியே கணக்காகும். சஸ்பெண்ட் செய்தால் இடம் மிச்சமாகும் என்று நினைத்துச் செய்கிறவர்கள் நிறையப் பேர்.

9 மே

மைக்ரோசாஃப்ட் பக்கம் இருப்பவர்களுக்கு: நான் மேலே சொன்ன 20 நாள் கூகுளுக்கு மட்டும். மைக்ரோசாஃப்டின் பயனர் கணக்குகள் இருக்கும் எண்ட்ரா ஐ.டி.யில் (2023 வரை அஷ்யூர் ஏ.டி. என்று இருந்ததே, அதுதான்) நீக்கிய பயனரை 30 நாள் வரை மீட்கலாம். ஸ்டோரேஜிலும் அவர்கள் அதே வழிக்கு வந்துவிட்டார்கள். 2024 ஆகஸ்ட் முதல், அல்லது அடுத்த லைசென்ஸ் புதுப்பிப்பிலிருந்து, கல்லூரிக்கு மொத்தமாக 100 டெராபைட். கட்டண லைசென்ஸ் வாங்கினால் அதற்கு ஏற்பக் கூடும். ஒன்டிரைவ், ஷேர்பாயின்ட், மெயில் எல்லாம் அதே தொட்டிக்குள். ஏ1 பிளஸ் என்ற கல்வி லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் கவனியுங்கள், 2024 ஆகஸ்ட் 1-ஆம் தேதியோடு அது நிற்கிறது.

2006-இல் அமெரிக்காவில் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம் கூகுள் மெயிலுக்கு மாறியபோது அது பெரிய செய்தி. அதற்குப் பின் வந்த வருடங்களில் இரண்டு நிறுவனங்களும் போட்டி போட்டு இலவசமாகக் கொடுத்தன, கல்லூரிகளும் "வாழ்நாள் முழுக்க இந்த மெயில் உங்களுக்கே" என்று பட்டமளிப்பு மேடையில் அறிவித்தன. அந்த வாக்கைக் கொடுத்த கல்லூரி இன்று அதைத் திரும்பப் பெறுவதானால், குறைந்தபட்சம் ஒரு வருடம் முன்னால் சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம். பிள்ளைகள் அந்த வாக்கை நம்பித்தான் எல்லா இடத்திலும் அந்த முகவரியைக் கொடுத்திருக்கிறார்கள்.

13 மே

சரி, நீக்கக் கூடாது என்றே சொல்லிக்கொண்டிருந்தால் உங்களுக்கு உதவி ஆகாது. நாங்கள் செய்வதைச் சொல்கிறேன்.

கடைசி செமஸ்டர் தொடங்கும்போதே, அதாவது ஜனவரியில், அந்த பேட்சுக்கு முதல் அறிவிப்பு போகும். மெயிலில் மட்டும் அனுப்பினால் பாதிப் பேர் பார்க்க மாட்டார்கள். கிளாஸ் அட்வைசர் வழியாக வாட்ஸ்அப் குழுவிலும் போட வேண்டும். அறிவிப்பில் ஒரே ஒரு வேலைதான் கேட்கிறோம்: கூகுள் டேக்அவுட்டில் பள்ளி, கல்லூரிக் கணக்குகளுக்கென்றே உள்ளடக்கத்தை மாற்றும் வசதி ஒன்று இருக்கிறது. அதில் சொந்த ஜிமெயில் முகவரியைக் கொடுத்தால் மெயிலும் மை டிரைவில் உள்ளவையும் அங்கே நகலாகிவிடும். சொந்தக் கணக்கில் இலவசமாகக் கிடைப்பது 15 ஜி.பி.தான் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், நாற்பது ஜி.பி. வைத்திருப்பவர் பாதியில் நின்றுவிடுவார்.

அடுத்தது நோ டியூஸ் ஃபார்ம். நம் ஊர்க் கல்லூரிகளில் டி.சி. வாங்க லைப்ரரி, லேப், ஹாஸ்டல், அக்கவுண்ட்ஸ் எல்லா இடத்திலும் கையெழுத்து வாங்க வேண்டும் இல்லையா, அதில் நாங்கள் ஒரு வரி சேர்க்கச் சொல்லிக் கேட்டு வாங்கினோம்: "கல்லூரி மெயில்: தரவு எடுத்தாயிற்று, மாற்று மெயில் முகவரி, கைபேசி எண்." ஆபீஸ் சூப்பிரண்டெண்ட் முதலில் ஒத்துக்கொள்ளவே இல்லை, ஃபார்மை மாற்றுவது அவருக்குப் பிடிக்காத வேலை. ஆனால் இந்த ஒரு வரிதான் எல்லாவற்றையும் மாற்றியது. ஏனென்றால் நோ டியூஸ் ஃபார்மைத் தாண்டாமல் யாரும் வெளியே போக முடியாது. கிளம்பும் ஒவ்வொருவரின் புது முகவரியும் கைக்கு வந்துவிடுகிறது.

அப்புறம் டி.சி. வாங்கியவரின் கணக்கு "பழைய மாணவர்" என்ற ஓ.யூ.வுக்கு (கணக்குகளைப் பிரித்து வைக்கும் உட்பிரிவு) நகரும். அங்கே ஸ்டோரேஜ் வரம்பு சின்னது, கிளாஸ்ரூம் கிடையாது, ஷேர்டு டிரைவ் கிடையாது, மெயில் மட்டும் முழுதாக வேலை செய்யும். ஒரு வருடம் அப்படியே. அதன் பிறகு சஸ்பெண்ட், இன்னொரு வருடம் கழித்து நீக்கம். டி.சி. வாங்காதவர், அரியர் வைத்திருப்பவர், இந்த வரிசைக்குள்ளேயே வர மாட்டார்.

14 மே

நேற்று எழுதியதில் ஆசிரியர்களைப் பற்றிச் சொல்லவில்லை. அவர்கள் விஷயம் வேறு. வேலையை விட்டுப் போகும் ஆசிரியரின் கணக்கை நீக்கும் முன் இரண்டு வேலை: டிரைவ் கோப்புகளின் உரிமையை எச்.ஓ.டி.க்கு மாற்றுங்கள், அவர் முதன்மை ஆசிரியராக இருக்கும் கிளாஸ்ரூம் வகுப்புகளை வேறு ஆசிரியருக்கு மாற்றுங்கள். செமஸ்டர் நடுவில் ஒருவர் போய், அவர் கணக்கை நீக்கியதும் அறுபது பிள்ளைகளின் அசைன்மென்ட் கோப்புகள் திறக்காமல் போனதைப் பார்த்திருக்கிறேன்.

20 மே

இது தலைப்பை விட்டுக் கொஞ்சம் விலகும், ஆனாலும் எல்லார் கணக்கும் இருக்கும் பட்டியல், அதாவது டைரக்டரி, என்று பேச்சு வந்த பிறகு பெயரைப் பற்றிப் பேசாமல் எப்படி.

இந்த மென்பொருள்கள் எல்லாமே முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம் கேட்கின்றன. கூகுளில் இரண்டுமே கட்டாயம். டைரக்டரிகளுக்கான பொதுத் தரமான எல்டாப்பிலேயே 'பெர்சன்' என்ற வகைக்குக் குடும்பப் பெயர் இல்லாமல் பதிவு இருக்க முடியாது. மைக்ரோசாஃப்டின் ஆக்டிவ் டைரக்டரியில் (ஏ.டி.) அந்தக் கட்டத்தை விட்டுவிடலாம், அது ஒரு நிம்மதி. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இருப்பது அப்பா பெயரின் இனிஷியல், சிலருக்கு ஊர், தாத்தா சேர்த்து இரண்டெழுத்து. ஆகவே டேட்டா என்ட்ரி செய்கிறவர் கையில் அகப்பட்டதைப் போடுகிறார்: ஒருவருக்கு 'எஸ்', இன்னொருவருக்கு அப்பாவின் முழுப்பெயர், மற்றொருவருக்குக் கட்டத்தைத் தாண்டுவதற்காக ஒரு வெறும் புள்ளி.

இதன் விளைவை ஷேர் பெட்டியில் பார்க்கலாம். ஆசிரியர் இன்டர்னல் மார்க் ஷீட்டை ஒரு மாணவிக்குப் பகிர நினைத்து முதல் மூன்று எழுத்தைத் தட்டுகிறார். கீழே வரிசையாக வந்து விழுகிறது: பிரியா எஸ், பிரியா எஸ், பிரியா எஸ், பிரியா புள்ளி, எஸ் பிரியா. எல்லாருக்கும் ஊதா வட்டத்தில் அதே 'பி'. ஒருவருக்கும் படம் இல்லை. ஆசிரியர் முதலில் உள்ளதை அழுத்துகிறார், மார்க் ஷீட் மூன்றாம் ஆண்டு சிவில் மாணவிக்குப் போய்விடுகிறது. இதில் ஆசிரியர் மேல் என்ன குற்றம் சொல்ல முடியும்?

இன்னொன்று: சொந்த ஜிமெயிலில் பெயருக்கு நடுவே உள்ள புள்ளிக்கு மதிப்பே இல்லை, வைத்தாலும் வைக்காவிட்டாலும் அதே பெட்டிக்கு வரும். கல்லூரி டொமைனில் (முகவரியில் @ குறிக்குப் பின் வரும் கல்லூரிப் பெயர்) அப்படி இல்லை, புள்ளி உள்ளதும் இல்லாததும் இரண்டு வேறு முகவரி, இரண்டு வேறு ஆள். பிள்ளைகள் ஜிமெயில் பழக்கத்தில் புள்ளியை விட்டுவிட்டு அடிப்பார்கள், மெயில் வேறொருவருக்குப் போகும்.

என் யோசனை இது. குடும்பப் பெயர்க் கட்டத்தில் இனிஷியல் மட்டும், பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் உள்ள மாதிரியே. காட்டும் பெயருக்குப் பின்னால் பேட்சும் துறையும் எண்ணும் வந்தே ஆக வேண்டும்: "பிரியா எஸ் 22சி.எஸ்.047" என்பது போல. பார்க்க அழகாக இல்லைதான், ஆனால் மார்க் ஷீட் சரியான பிள்ளைக்குப் போகும். கல்யாணத்துக்குப் பிறகு இனிஷியல் மாற்றும் ஆசிரியைகளுக்குப் பழைய முகவரியை அலையஸாக (அதே பெட்டிக்கு வரும் இன்னொரு முகவரி) அப்படியே வைத்துவிடுங்கள், அதைக் கேட்டு அவர்களை விண்ணப்பம் எழுத வைக்காதீர்கள்.

3 ஜூன்

"மெயில் முகவரியைப் பல்கலைக்கழக ரிஜிஸ்டர் நம்பரில் வைத்தால் குழப்பமே இல்லையே" என்று ஒருவர். பன்னிரண்டு இலக்க எண், ஒருவருக்கு ஒன்று, உண்மைதான். ஏ.டி.யின் பழைய லாகின் பெயர் கட்டத்துக்கு இருக்கும் 20 எழுத்து வரம்புக்குள்ளும் அடங்கும். ஆனால் முதலாம் ஆண்டுப் பிள்ளைக்கு அந்த எண் கைக்கு வரவே வாரக்கணக்கில் ஆகும், மெயிலோ சேர்ந்த முதல் நாளே வேண்டும். நாங்கள் கல்லூரியின் அட்மிஷன் எண்ணைத்தான் வைத்துக்கொள்கிறோம், ரிஜிஸ்டர் நம்பர் வந்ததும் எம்ப்ளாயி ஐ.டி. கட்டத்தில் ஏறிவிடும்.

எது வைத்தாலும் சரி, ஒருமுறை கொடுத்த முகவரியை வேறு ஒருவருக்கு மறுபடி கொடுக்கவே கூடாது. 2016 பேட்ச் பிரியாவின் கணக்கை நீக்கிவிட்டு, அதே முகவரியை 2024 பேட்ச் பிரியாவுக்குக் கொடுத்தால், பழையவர் எங்கெல்லாம் அந்த மெயிலில் பதிவு செய்தாரோ அங்கெல்லாம் "பாஸ்வேர்டு மறந்துவிட்டது" என்று அழுத்தினால் போதும், மீட்பு லிங்க் புதியவரின் பெட்டிக்கு வந்து விழும். நீக்கிய முகவரிகளுக்கென்று ஒரு பட்டியல் தனியாக வைத்திருங்கள், புதிய கணக்கு உருவாக்கும் முன் அதோடு ஒப்பிடுங்கள்.

3 ஜூன், சாயங்காலம்

முதல் பாஸ்வேர்டாகப் பிறந்த தேதி வைக்காதீர்கள். வகுப்பில் எல்லாருக்கும் எல்லாருடைய பிறந்தநாளும் தெரியும்.

17 ஜூன்

ஈ.ஆர்.பி.யிலிருந்து (கல்லூரி நிர்வாக மென்பொருள்) தானாகவே டைரக்டரி மாறும்படி செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். செய்யலாம், செய்யவும் வேண்டும், ஏனென்றால் யார் மாணவர் என்று தெரிந்த இடம் அட்மிஷன் ரெஜிஸ்டர்தானே தவிர மெயில் கன்சோல் இல்லை. கன்சோலில் கையால் திருத்தத் தொடங்கினால் இரண்டே செமஸ்டரில் இரண்டும் இரண்டு கதை சொல்லும். ஆனால் எந்தத் திசையில் ஓடுகிறது என்பதை முதலில் புரிந்துகொள்ளுங்கள். கூகுளின் டைரக்டரி சிங்க் கருவி ஒருவழிப் பாதை: உங்கள் எல்டாப்பிலோ ஏ.டி.யிலோ உள்ளதைப் பார்த்து கூகுள் பக்கத்தை மாற்றும். அங்கே ஒருவர் இல்லை என்றால், நீங்கள் வைத்த அமைப்பைப் பொறுத்து இங்கே அவரை முடக்கும் அல்லது நீக்கும். மைக்ரோசாஃப்ட் பக்கத்தில் இதே வேலையைச் செய்யும் எண்ட்ரா கனெக்ட் இயல்பாக அரை மணிக்கொரு முறை ஓடும்.

ஒரு கல்லூரியில் நடந்தது. வெண்டர் ஈ.ஆர்.பி.யில் டிபார்ட்மென்ட் குறியீடுகளை மாற்றினார், யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த ஓட்டத்தில் மெக்கானிக்கல் மாணவர்கள் ஒருவர்கூட விதியில் பொருந்தவில்லை, எல்லாரும் முடங்கினார்கள். அன்றைக்குக் காலையில் அவர்களுக்கு மாடல் தேர்வு. நல்லவேளையாக நீக்கு என்று வைக்காமல் சஸ்பெண்ட் என்று வைத்திருந்தார்கள், மதியத்துக்குள் சரியாயிற்று.

எண்ட்ரா கனெக்டில் தவறுதலாக நீக்குவதைத் தடுக்கும் வரம்பு ஒன்று இயல்பாகவே இருக்கிறது, 500-க்கு மேல் நீக்க வந்தால் நின்றுவிடும். பெரிய பல்கலைக்கழகத்துக்கு அது சரி. மொத்தமே எண்ணூறு பேர் படிக்கும் கல்லூரியில் ஒரு முழு வருடம் காணாமல் போனாலும் அந்த வரம்பைத் தொடாது. உங்கள் மிகச் சின்ன டிபார்ட்மென்டின் எண்ணிக்கையை விடக் குறைவாக அதை மாற்றி வையுங்கள். கூகுள் கருவியிலும் அப்படி வரம்பு வைக்கலாம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன் ஒத்திகை ஓட்டம் பார்க்கும் வசதி அதில் இருக்கிறது, அதைப் பார்க்காமல் நேரடியாக ஓட்டுகிறவர்களை எனக்குப் புரியவே இல்லை.

1 ஜூலை

ஒரு மேல்நிலைப் பள்ளியிலிருந்து கேள்வி: ஆசிரியர்களுக்கே யூடியூப் சரியாக வரவில்லை, பல கூகுள் சேவைகள் திறக்கவில்லை. இது கோளாறு இல்லை சார். 2021 செப்டம்பரிலிருந்து பள்ளி என்று பதிவான டொமைனில் எல்லாரையும் 18 வயதுக்குக் குறைந்தவராகவே கூகுள் எடுத்துக்கொள்ளும். ஆசிரியர்களைத் தனி ஓ.யூ.வில் வைத்து, வயது அமைப்பில் "18 அல்லது அதற்கு மேல்" என்று நீங்கள்தான் குறிக்க வேண்டும். எல்லாரையும் ஒரே ஓ.யூ.வில் கொட்டிய பள்ளிகளில் இந்தச் சிக்கல் வந்தே தீரும்.

கல்லூரிக்காரர்கள் இதைப் படித்துவிட்டு "நமக்கில்லை" என்று போய்விட வேண்டாம். உயர்கல்வி டொமைனில் இயல்பு நிலை இதற்கு நேர்மாறு, எல்லாரும் பெரியவர்கள். ஆனால் பிளஸ் டூ முடித்து ஆகஸ்டில் வந்து சேரும் பிள்ளைகளில் பலருக்கு வயது பதினேழு. 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பதினெட்டு முடியாதவரைக் குழந்தை என்றே சொல்கிறது, பெற்றோர் சம்மதம் கேட்கிறது. முதலாம் ஆண்டுக்குத் தனி ஓ.யூ. வைத்து, கூடுதல் சேவைகளை அங்கே அணைத்து வைப்பது ஒன்றும் பெரிய வேலையில்லை. அட்மிஷன் ஃபார்மில் பெற்றோர் கையெழுத்து போடும் பக்கத்திலேயே மெயில் கணக்குக்கான சம்மதத்தையும் சேர்க்கச் சொல்லுங்கள்.

15 ஜூலை

அனைத்து மாணவர் மெயில் குழுவில் யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று விட்டுவைத்திருப்பவர்கள் இப்போதே போய் மாற்றுங்கள். ஃபீஸ் கட்டக் கடைசித் தேதி என்று ஆபீஸ் போட்ட மெயிலுக்கு ஒரு மாணவர் பதில் எழுதினார். அப்பாவுக்கு வேலை போய்விட்டது, வீட்டில் நகை அடகில் இருக்கிறது, ஒரு மாதம் தவணை வேண்டும் என்று மனம் விட்டு எழுதியிருந்தார். அக்கவுண்ட்ஸ் பிரிவுக்கு மட்டும் போகிறது என்று நினைத்தார், கல்லூரி முழுக்கப் போனது. அந்தப் பையன் அடுத்த வாரம் வகுப்புக்கே வரவில்லை. குழு அமைப்பில் "யார் பதிவிடலாம்" என்ற ஒரே ஒரு தேர்வைத் திருத்தியிருந்தால் நடந்திருக்காது. பதில்கள் அனுப்பியவருக்கு மட்டும் போகட்டும் என்பதையும் சேர்த்தே மாற்றுங்கள்.

மாணவர்கள் ஒருவரை ஒருவர் தேடிப் பார்க்கும் பட்டியலும் அப்படித்தான். முதலாம் ஆண்டு மாணவியின் பெயரும் முகவரியும் பழைய மாணவர்கள் எல்லாருக்கும் தெரிய என்ன அவசியம்? பழைய மாணவர் ஓ.யூ.வுக்கு டைரக்டரி பார்வையே வேண்டாம்.

16 ஜூலை

பெற்றோரின் ஜிமெயிலுக்கு ஈ.ஆர்.பி. அனுப்பும் மார்க் விவரம் ஸ்பேமில் விழுகிறது என்று மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயில் கெடுபிடி. ஒரு நாளைக்கு 5,000-க்கு மேல் ஜிமெயில் முகவரிகளுக்கு அனுப்பும் டொமைனுக்கு எஸ்.பி.எஃப்., டிகிம், டிமார்க் (மெயில் உண்மையிலேயே அந்த டொமைனிலிருந்து வந்தது என்று காட்டும் பதிவுகள்) மூன்றும் வேண்டும், ஸ்பேம் என்று புகாராகும் விகிதம் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது. உங்கள் ஈ.ஆர்.பி. வேறு சர்வரிலிருந்து கல்லூரி பெயரில் அனுப்புகிறது, அது எஸ்.பி.எஃப்.பில் (உங்கள் பெயரில் அனுப்பலாம் என்ற சர்வர்களின் பட்டியல்) இருக்காது. சேருங்கள், ஆனால் அந்தப் பதிவு பத்து டி.என்.எஸ். (டொமைனின் விவரங்கள் இருக்கும் பொதுப் பட்டியல்) தேடலுக்கு மேல் போனால் முழுப் பதிவுமே செல்லாது. பழைய வெண்டர்களின் வரிகள் இன்னும் அதில் உட்கார்ந்திருக்கும், அவற்றை முதலில் எடுங்கள். டிகிம் சாவி 2048 பிட் என்றால் 255 எழுத்துக்கு மேல் போகும், டி.என்.எஸ்.ஸின் டி.எக்ஸ்.டி. பதிவில் இரண்டு துண்டாக மேற்கோள் குறிக்குள் போட வேண்டும். மொத்தமாக அனுப்ப மெயில்.கல்லூரி என்பது போல ஒரு துணை டொமைன் வைத்துக்கொண்டால், அதன் பெயர் கெட்டாலும் பிரின்சிபாலின் மெயில் தப்பிக்கும்.

5 ஆகஸ்ட்

சூப்பர் அட்மின் (எல்லா அதிகாரமும் உள்ள நிர்வாகக் கணக்கு) பற்றிக் கேட்ட நண்பருக்கு. முன்னாள் சிஸ்டம் அட்மின் வேலையை விட்டுப் போய்விட்டார், இரண்டாம் படிச் சரிபார்ப்பு அவருடைய சொந்த ஃபோனில், இப்போது அவர் துபாயில். நிறையக் கல்லூரிகளின் நிலைமை இதுதான். கூகுளின் மீட்பு வழியில் டொமைன் உங்களுடையதுதான் என்று டி.என்.எஸ்.ஸில் ஒரு பதிவு சேர்த்து நிரூபிக்க வேண்டும். ஏசி.இன், எடியூ.இன் டொமைன்கள் எர்நெட்டில் (கல்வி டொமைன்களைப் பதியும் அமைப்பு) பதிவானவை, அங்கே உள்நுழையும் விவரமும் அதே துபாய்க்காரரின் பழைய மெயிலில் இருந்தால் என்ன செய்வீர்கள்? ஆக எர்நெட் கணக்கின் தொடர்பு முகவரி பிரின்சிபால் பதவியின் பெயரில், கல்லூரி டொமைனுக்கு வெளியே உள்ள ஒரு மெயிலில் இருக்கட்டும். சூப்பர் அட்மின் குறைந்தது இரண்டு பேர், தினசரி வேலைக்கு வேறு கணக்கு. பேக்கப் கோடுகளை (ஃபோன் இல்லாதபோது உள்நுழைய உதவும் எண்கள்) அச்சடித்து உறையில் ஒட்டி ஆபீஸ் பீரோவில், சர்வீஸ் ரெஜிஸ்டர் இருக்கும் அதே தட்டில் வைக்கச் சொன்னேன். ஆபீஸ்காரர்கள் அந்தத் தட்டை மட்டும் தொலைக்கவே மாட்டார்கள்.

21 ஆகஸ்ட்

மேடம் எழுதியதைப் பார்த்தேன், மிகுந்த சந்தோஷம். ஷேர்டு டிரைவ்களையும் ஊரடங்கு வீடியோக்களையும் எடுத்ததிலேயே எச்சரிக்கை போய்விட்டது, ஒரு கணக்கைக்கூட நீக்க வேண்டியிருக்கவில்லை என்கிறீர்கள். பிரின்சிபாலும் நோ டியூஸ் வரிக்குச் சம்மதித்தது பெரிய விஷயம்.

ஒன்றில் என் எண்ணம் மாறியிருக்கிறது. மே மாதம், டி.சி. வாங்கி ஒரு வருடத்தில் சஸ்பெண்ட் என்று எழுதியிருந்தேன். இங்கே வந்த பதில்களில் பிளேஸ்மென்ட் ஆபீசர் ஒருவர், சேரும் தேதியை ஒன்றரை வருடம் வரை தள்ளிய கம்பெனிகளைப் பற்றிச் சொன்னார். அதனால் இப்போது இரண்டு வருடம் என்றே வைக்கச் சொல்கிறேன். வரம்பிட்ட மெயில் பெட்டி பிடிக்கும் இடம் ஒன்றுமே இல்லை, அதைச் சிக்கனம் பிடித்து என்ன ஆகப்போகிறது.

முதலாம் ஆண்டுப் பட்டியல் இந்த வாரம் வந்துவிடும், லேட்டரல் என்ட்ரி பட்டியல் அதன் பின்னால் தனியாக வரும். இரண்டு சி.எஸ்.வி.யிலும் "படிப்பு முடியும் மாதம்" என்று ஒரு பத்தியை இப்போதே சேர்த்துக்கொள்ளுங்கள், கஸ்டம் ஆட்ரிபியூட்டாக (கணக்கில் நாமே சேர்க்கும் கூடுதல் கட்டம்) ஏற்றிவிடலாம். லேட்டரல் பிள்ளைகள் நேரே இரண்டாம் ஆண்டில் சேர்கிறவர்கள், அட்மிஷன் வருடத்தோடு நாலைக் கூட்டிப் போட்டால் அவர்களுக்கு ஒரு வருடம் தவறாக வரும். அந்தப் பட்டியலை மட்டும் கையால் ஒருமுறை பார்த்துவிட்டு ஏற்றுங்கள்.